குழந்தை கெடுத்த கச்சேரி

ஊர் திரும்பும் விமானத்துக்கு நான்கு மணி நேரமே இருக்க, ஒன்பதாவது கடையாக அந்த இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தார் வெளிநாட்டில் வாழும் தமிழர் ஒருவர்.

"நீங்க கேட்ட கச்சேரி இதோ சார்" என்று நீட்டினாள் கடைக்காரம்மா.

"இது சத்தமெல்லாம் நீக்கி ரெண்டாவதா போட்டதும்மா. முதல்ல வந்ததுதான் வேணும்."

"அதுல நடுவுல ஒரு குழந்தை வீல்னு கத்துமே! வாங்கினவங்க எல்லாம் திட்டிட்டுத் திருப்பிக் குடுத்த தட்டாச்சே!"

"அதேதான். இருக்கா?"

இப்படியும் ஒரு ரசிகரா? பின்னறையை உருட்டிப் புரட்டி, அந்தத் தட்டைக் கண்டெடுத்துத் தூசி தட்டி, ஓடவிட்டாள். பாட்டோ தேனாய் இழைந்தது. அவரோ அதைக் காதில் வாங்காமல், சுழலும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு உச்சத்தைத் தொட்டபோது குழந்தை வீறிட்டது.

"கேட்டீங்களா, காரியத்தைக் கெடுத்த வாண்டை!"

"அது நான்தாம்மா."

"அடடே! உங்க அழுகையைக் கேக்கவா இவ்வளவு அலைச்சல்?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். அழுகைக்கு அடியில் மெல்ல ஒரு பெண்குரல்: "ஒண்ணுமில்லடா கண்ணா, அம்மா இருக்கேன்ல."

"இதுல அம்மா குரலும் இருக்குன்னு அப்பா சொன்னது நிஜம்தான்" என்றார் அவர். "எனக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. அவங்க குரலை இப்பத்தான் முதல் தடவையா கேக்கறேன்."

கடைக்காரம்மா, அவர் கேட்காமலே, முள்ளைத் தூக்கிச் சற்றுப் பின்னால் வைத்தாள்.