மூன்றாவது கெடு

“இன்னும் ஆறு மாசம் கெடு வேணும் சார்.”

அப்துல் மாலிக் நீட்டிய மனுவை வனத்துறை ரேஞ்சர் ராசப்பன் கையால் தொடவில்லை.

“ஏற்கெனவே ரெண்டு தடவை நீட்டிச்சாச்சு பாய். பச்சமலையில தீப்பிடிச்சு ஒரு வருஷம் தாண்டிடுச்சு. கருகின மரத்தையெல்லாம் வெட்டிக்குங்கன்னு ஏலத்துல உங்களுக்கு விட்டோம். பாலக்கரையில அவ்வளவு பெரிய மரக்கடை வச்சிருக்கீங்க. இதுவரைக்கும் ஒரு கட்டைகூட இறங்கலையே?”

“லாரி ரிப்பேர் சார். ஆளும் சரியா அமையல.”

“நான் நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றேன். தப்பு இருந்துச்சுன்னா, இனிமே எந்த ஏலத்துக்கும் நீங்க வர முடியாது.”

மாலிக் தலையாட்டிவிட்டு மனுவோடு போனார்.

கிளார்க் லூர்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். “லாரி ரிப்பேராம்! வாரா வாரம் ஆளுங்களை ஏத்திக்கிட்டு மலைக்குப் போகுது சார். கருகின மரத்தைக் காட்டிப் பச்சை மரத்தை வெட்டி, ஆத்தூர்ப் பக்கமாக் கடத்துறாரு. ஊரே பேசுது.”

மறுநாளே ராசப்பன் ஜீப்பில் துறையூர் போய், அங்கிருந்து மலையேறினார். யாருக்கும் சொல்லவில்லை.

தீப்பிடித்த சரிவைச் சுற்றி முள்வேலி. வேலியோரம் ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தாள் மலைக்கிராமத்து இருளாயி.

“இங்க மரம் வெட்டுறது யாரு?”

“யாரும் வெட்டலீங்களே.”

“பாயோட ஆளுங்க வர்றாங்களே?”

“வர்றாங்க. வேலி பிரிஞ்ச எடத்துல முள்ளு வச்சுக் கட்டுறாங்க. ஆடு நுழைஞ்சா துளிரைத் தின்னுபோடும்ல? நாங்களும் அந்த வேலைதாங்க பார்க்குறோம்.”

“வெட்ட வந்தவருக்கு வேலி எதுக்கு?”

“மொத நாள் முப்பது ஆளோட வெட்டத்தான் வந்தாரு ஐயா. அந்தா, அந்த வேங்கை மரத்துல ஒரு போடு போட்டாங்க. கருகின பட்டைக்குள்ள பச்சையா இருந்துச்சு. பாய் தொட்டுப் பார்த்தாரு. ‘உயிரு இருக்குப்பா, கோடாலியைக் கீழ போடு’ன்னுட்டாரு.”

ராசப்பன் சரிவு முழுக்க நடந்து பார்த்தார். கருகிய அடிமரங்களிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர் கிளம்பியிருந்தது. வேங்கையில் அந்த ஒரு வெட்டு தவிர வேறெங்கும் கோடாலி பட்டிருக்கவில்லை.

சாயங்காலம் திருச்சி திரும்பியவர் நேரே பாலக்கரை மரக்கடைக்குப் போனார். மாலிக் பதறி எழுந்தார்.

“மலைக்குப் போயிட்டு வர்றேன் பாய். இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?”

மாலிக் அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

“தீ அணைஞ்ச சூட்டோட எல்லா மரமும் செத்துப்போச்சுன்னு உங்க ஆபீஸ்ல பட்டியல் போட்டுட்டீங்க. ஒரு மழை வரைக்கும் பொறுக்கலை. நான் வெட்ட மாட்டேன்னு சொன்னா, சட்டப்படி நீங்க மறு ஏலம் விட்டாகணும். எடுக்கிறவர் பட்டையைக் கீறிப் பார்த்துட்டா வெட்டுவாரு?”

“அதுக்காக ஊர்ல திருட்டுப் பேரு வாங்கிக்கிட்டீங்களா?”

“பேரு போனா போகட்டும் சார்.”

ராசப்பன் அந்த மனுவைக் கேட்டு வாங்கி, பேனாவை எடுத்தார். “ஆறு மாசம் போதுமா பாய்?”

“இந்த மழைக்காலம் தாண்டினாப் போதும் சார். அப்புறம் அதைக் கருகின காடுன்னு யாராலயும் ஏலம் விட முடியாது.”