முதலில் தூக்க வேண்டிய பதவி

"மருங்காபுரியில பஸ் ஏறித் திருச்சிக்கு வந்துட்டா ஸ்ட்ராட்டஜி வந்துடுமா?" என்று யமுனாவை வகுப்பிலேயே கேட்டுச் சிரிப்பார் மனிதவள மேலாண்மைப் பேராசிரியர் தியாகேசன். அவள் மூன்று மாதம் அலைந்து எழுதிய ஆட்குறைப்பு ப்ராஜெக்டுக்கு இன்னும் மார்க் போடவில்லை. மார்க் வராமல் அவளுக்குப் பட்டம் இல்லை.

"குப்பைம்மா அது. புதுசா எழுதிட்டு வா."

திங்கட்கிழமை தியாகேசன் கல்லூரித் தாளாளரின் அறையிலிருந்து வெளுத்த முகத்தோடு வந்தார்.

"என்னாச்சு சார்?"

"ஆட்குறைப்புக்குத் திட்டம் கேட்டாரு, கொடுத்தேன். என்னையே வீட்டுக்குப் போகச் சொல்றாரு."

அவர் கையிலிருந்த அறிக்கையை யமுனா பார்த்தாள். அட்டையில் அவர் பெயர். உள்ளே அவளுடைய பக்கங்கள்.

"குப்பையை நீங்க படிக்கவே இல்லையா சார்? நான் ஆராய்ஞ்சது நம்ம டிபார்ட்மெண்டைத்தான். முதல்ல தூக்க வேண்டியது உங்க பதவின்னு எழுதியிருந்தேன்."

அவர் அவசரமாக அறிக்கையைப் புரட்டினார்.

"தாளாளரே ஏத்துக்கிட்டாரு. கிளம்புறதுக்கு முன்னாடி மார்க்கைப் போட்டுட்டுப் போங்க."