தலைக்குப் பின்னால் ஒரு வட்டம்

பழைய மடிப்பு கேமராவை நானே பழுதுபார்த்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் மடிந்து விரியும் துருத்தியில் எங்கோ வெளிச்சம் புகும் ஓட்டை. அதனால் எந்தப் படத்திலும் நடுவில் நிற்பவர் தலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. மாடி வீட்டுச் சிங்காரவேலு தன் படத்தைச் சட்டமிட்டு மாட்டி, உயிரோடிருக்கும்போதே மாலையும் போட்டுவிட்டார். ஒருவழியாக ஓட்டையைக் கண்டுபிடித்து, அடைப்பதற்குக் கறுப்பு டேப்பை வெட்டும்போது மனைவி காஞ்சனா போனோடு ஓடிவந்தாள். “அம்மா பேசறாங்க. உங்ககிட்டதானாம்!” எங்கள் காதல் கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். “மாப்ளே, காஞ்சனா போன்ல படத்தைக் காட்டினா. சீட்டாடுற சிங்காரவேலுவே சாமி மாதிரி இருக்காரு. என்னையும் ஒண்ணு புடிங்களேன்.” “வாங்கத்தே” என்றேன். டேப்பை வைத்துவிட்டு, ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க ஊசி தேடினேன். அத்தைக்குக் கொண்டை பெரிது.