எண்பத்தெட்டு

“வளையத்துக்குப் பக்கத்துல வராதீங்க தம்பி! நீங்க மூச்சு விட்டாலே ட்யூனிங் போயிடும்.”

மாப்பிள்ளையாகும் ஆசையோடு வந்தவன், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க் பெஞ்சின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டான்.

பெண்ணின் அப்பா லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் அமெச்சூர் ரேடியோ. செம்புக் குழாயை வளைத்து அவரே செய்த ஆன்டெனா, துடைப்பக் கட்டையின் உச்சியில் யானைக்கு வாங்கிய வளையல் மாதிரி நின்றது. மடியில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ரேடியோ, தொடைமேல் தந்தி தட்டுகிற மோர்ஸ் கீ.

“என் பொண்ணைக் கேட்டு வந்திருக்கீங்க. கேளுங்க, வேண்டாங்கல. ஆனா ஞாயித்துக்கிழமை என் சிநேகிதரோட பேசறதை விட முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்காரு. நடுநடுவுல உங்ககிட்டயும் பேசறேன்.”

“தாராளமா, மாமா.”

“சார்னே சொல்லுங்க. மாமா இன்னும் முடிவாகலை.”

கீயைத் தட்டினார். ஸ்பீக்கரில் ‘டிட் டா’ என்று பதில் வந்தது. அவன் ஒன்றும் புரியாத முகத்தோடு மரத்தைப் பார்த்தான்.

உண்மையில் ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கு மோர்ஸ் பைத்தியம் என்று தெரிந்த நாளிலிருந்து, பல் செட் செய்யும் வேலைக்கு நடுவே போனில் ஆப் வைத்துப் படித்திருந்தான். சமயம் பார்த்து எடுத்துவிட்டு அசத்துவதாக ஏற்பாடு. அவளுக்கே தெரியாது.

கடல் கடந்த சிநேகிதர் அனுப்பியது இது: ‘சமையல் தெரியுமா?’

“தம்பி, உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?” என்றார் மெக்கானிக், அப்போதுதான் தோன்றியதுபோல.

கடலாவது அந்தப் பக்கமாவது! அவ்வளவு தூரத்திலிருந்து வந்தால் தேய்ந்து வரவேண்டிய சத்தம் காதைக் கிழித்தது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினான். எதிர் அபார்ட்மென்ட், மூன்றாம் மாடி, அவர்கள் வீட்டு பால்கனி. காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் இன்னொரு செம்பு வளையம் எட்டிப் பார்த்தது.

அவள் இன்று சைட்டில் வேலை என்று சொல்லியிருந்தாள். அதுவுமில்லாமல், அப்பாவின் ரேடியோ என்றாலே காதைப் பொத்திக்கொள்பவள். அப்படியானால் வீட்டில் இருப்பது ஒரே ஆள். அவள் அம்மா, வருங்கால அத்தை!

கேள்வித்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவனின் நிம்மதி அவனுக்கு வந்தது. அத்தைக்குப் பிடித்தமாதிரி சொன்னால் முடிந்தது வேலை.

“சுமாரா தெரியும் சார். ஆனா அத்தை கைப்பக்குவம் வருமா? அவங்ககிட்டதான் ட்ரெயினிங் எடுக்கலாம்னு இருக்கேன்.”

மெக்கானிக் கீயைத் தட்டினார். அவன் உள்ளுக்குள் படித்தான்: ‘ஐஸ் வைக்கிறான்.’

அடுத்தது வந்தது: ‘குறட்டை உண்டா?’

“தம்பி, நீங்க தூங்கறப்போ...”

“சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல சார்!”

“எந்தப் பழக்கம்?”

“எதுவுமே.”

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அனுப்பினார்: ‘விடுவான்.’

அடுத்த கேள்வி தயங்கித் தயங்கி வந்தது: ‘பாலம் எங்கே கட்டுகிறார்களோ அங்கெல்லாம் போகணும். அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?’

அவள் பாலம் கட்டும் இன்ஜினியர். ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். அவள் அம்மாவுக்கோ மகள் கண்ணெதிரிலேயே இருக்க வேண்டும். அந்தச் சண்டையை அவளே எத்தனையோ முறை சொல்லிப் புலம்பியிருக்கிறாள். ‘வேலையை மாத்திக்கச் சொல்றேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தை விழுந்துவிடுவாள்.

மெக்கானிக் கேட்டு முடித்தார். அந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்தது. கூடவே, தான் கட்டிய முதல் பாலத்தின்மேல் அவனை நடத்திக் கூட்டிப்போன அன்று அவள் முகம் இருந்த விதமும் ஞாபகம் வந்து தொலைத்தது.

“நானும் கூடப் போயிடுவேன் சார். பல் எல்லா ஊர்லயும்தானே விழுது?” குரல் இறங்கியது. “அத்தைக்குக் கஷ்டமா இருக்கும், தெரியும். ஆனா பாலம் கட்டாதேன்னு அவகிட்ட சொல்ல என்னால முடியாது.”

இந்த முறை அவர் சுருக்கவில்லை. பல் விழுவது உட்பட ஒரு வார்த்தை விடாமல் தட்டினார்.

எங்கோ ஊஞ்சல் கிறீச்சிட்டது. பால்கனியில் போர்வை மட்டும் ஆடியது. ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று எழுந்திருக்கத் தயாரானான்.

சட்டென்று, வேகமாக வந்தது: ‘எனக்குச் சம்மதம். 88.’

மோர்ஸ்காரர்கள் பேச்சை முடிக்கும்போது நட்புக்கு 73 போடுவார்கள். 88 என்றால் அன்பும் முத்தங்களும். அதை எல்லோருக்கும் போட்டுவிட மாட்டார்கள்.

“மாமா! அத்தை சம்மதிச்சுட்டாங்க!” என்று துள்ளியவன், நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“ஓஹோ. குறட்டையிலயே சந்தேகப்பட்டேன்.”

“மன்னிச்சிடுங்க மாமா. உங்களை அசத்தத்தான் கத்துக்கிட்டேன். ஆனா ஒண்ணு, இந்த வயசுலயும் அத்தை உங்களுக்கு 88 அனுப்பறாங்களே, நீங்க கொடுத்து வச்சவர்!”

மெக்கானிக் ரேடியோவை அணைத்தார்.

“உங்க அத்தைக்கு டிட் எது, டா எதுன்னே தெரியாது. அவ நேத்தே அக்கா வீட்டுக்குப் போயாச்சு. என் பொண்ணுக்குத்தான் சின்ன வயசுலயே கத்துக்கொடுத்தேன். ‘நான் கேட்டா எனக்குப் பிடிச்சமாதிரிதான் பதில் சொல்வார், நீங்க கேளுங்கப்பா’ன்னு அவதான் மேல உக்காந்திருந்தா” என்றவர், வளையத்தைக் கழற்றி அவன் தோளில் மாட்டினார். “அந்த 88 எனக்கில்ல, மாப்பிள்ளை.”