பகலவன் அமுக்கிய பொத்தான்

திருவாரூர் பக்கத்து அரிசி ஆலையில் நெல் உலர்த்தியை இயக்கும் கணினி மூன்றாவது முறையாக நின்றது. இப்படியே போனால் சூட்டைக் குறைக்க வழியில்லாமல் நெல் அளவுக்கு மீறிக் காய்ந்து, அரைக்கும்போது நொய்யாகிவிடும். நிற்கும்போதெல்லாம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பகலவன்தான் அதன் பின்னால் இருந்தான். கணினிக்கு நிரல் எழுதிய செம்மொழிக்குச் சந்தேகம் வலுத்தது.

இன்று கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அவன் சின்னப் பொத்தான் ஒன்றை அமுக்கினான், திரை அணைந்தது.

"நீங்கதானா நிறுத்துறது?"

"அது முன்னாடியே உறைஞ்சு போச்சுங்க. எது கூப்பிட்டாலும் கெர்னல், அதான் கணினியோட மூளை, காதுல வாங்கல. இந்தப் பொத்தான் அனுப்புற குறுக்கீட்டை மட்டும் அதால தடுக்க முடியாது. எங்க மாட்டிக்கிட்டோம்னு எழுதி வச்சிட்டு மறுபடி கிளம்பும்."

"எங்க மாட்டிக்கிச்சாம்?"

அவன் தயங்கியபடி, முந்தைய இரண்டு முறை அது எழுதி வைத்ததை அச்செடுத்த தாள்களை நீட்டினான். இரண்டிலும் ஒரே இடம். அவள் எழுதிய வரி.

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"இந்த வாரம் உங்க வேலை நிரந்தரமாகுதுன்னாங்க. அதுக்குள்ள சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

கதவைத் திறந்துகொண்டு முதலாளி கோவிந்தராசு வந்தார்.

"என்னம்மா, காலையில போன்ல சொன்னியே, ஆளைக் கையும் களவுமா பிடிச்சிட்டியா?"

செம்மொழி தாள்களை அவரிடம் கொடுத்தாள்.

"பிடிச்சிட்டேன் சார். நான்தான்."