மிஷின் கிடைத்தால்

தாமல் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில், கோதண்டபாணி சிறைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். ஏரித் தண்ணீர்ச் சண்டையில் பங்காளி ஒருவன் செத்துக் கிடக்க, மம்மட்டியும் கையுமாகப் பிடிபட்ட தம்பி ஆதிகேசவன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். ஒவ்வொரு முறை வரும்போதும் அவனுக்குப் பத்திரிகையில் வரும் கால இயந்திரத் தொடர்கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லியாக வேண்டும்.

"ஹீரோ அந்த மிஷின்ல ஏறி, கொல நடந்த நாளுக்கே போயிட்டாம்பா."

"கொலகாரன் யாருண்ணா?"

"அடுத்த வாரந்தான் தெரியும். உனுக்கு அந்த மிஷின் கெடச்சா இன்னா பண்ணுவ?"

"நம்ம ஏரி மதகாண்ட போயி, மம்மட்டியப் புடுங்கிடுவேன்."

கோதண்டபாணி கம்பியிலிருந்து நெற்றியை எடுத்தார். "அன்னிக்கும் புடுங்கினியேடா."

"அன்னிக்கு லேட்டுண்ணா. நீ வெட்டினப்புறந்தானே உங்கையிலேர்ந்து புடுங்கினேன்?"