இறுகிய திருகாணி

மருமகன் மணிக்கட்டை ஓர் உதறு உதறுகிறான். முழ நீள மடக்குக்கத்தி ‘சடக்’கென்று விரிந்து பட்டறை வெளிச்சத்தில் பளபளக்கிறது. “இன்னும் சுலபமா விரியணும் அத்தை. திருகாணியைக் கொஞ்சம் தளர்த்திக் குடுங்க.” சாணைபிடிக்கிறவள் கத்தியைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நிற்கும் தன் மகளைப் பார்க்கிறாள். ஒவ்வொரு சடக்குக்கும் மகளின் தோள் தூக்கிவாரிப்போடுகிறது. தாய் கையை நீட்டுகிறாள். “குடுங்க மாப்பிள்ளை” என்று வாங்கி மடக்கி, திருகாணியில் பசையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்குகிறாள், இனி ஒரு சுற்றும் போகாது என்கிறவரை. அவன் திரும்ப வாங்கி உதறுகிறான். மறுபடி உதறுகிறான். மகளின் தோள் அசையவில்லை. “என்ன அத்தை, திறக்கவே மாட்டேங்குது?” “இனிமே திறக்காது. எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க. அவ வரமாட்டா.”